ஓர்ஸ் ஹில்லில் திபெத்திய மொழி பேசுகிறவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பின்னேரம், திருகோணமலை உள்துறைமுகக் கரையில் இருந்துகொண்டு, ஜதுசா என்னிடம் பதினொரு நிமிடம் ருமேனிய மொழியில் கதைத்தாள். அதில்தான் இந்தக் கதை பிறந்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கக்கூடாது என்றுதான் அவள் அந்த மொழியில் சொன்னாள்.

ஜதுசா நான் கட்டப்போகும் பெண். ஆவணியில் கல்யாணம். இரண்டு வருடம் ருமேனியாவில் வேலை செய்துவிட்டு வந்தவள். அங்கே அவளோடு ஒரே அறையில் இருந்தவள் டோல்மா. நேபாளத்தின் வடக்கு மலைக்காரி, வீட்டில் திபெத்திய மொழி. இரண்டு பேரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மனம் முட்டினால் ஒருத்தி தன் மொழியில் எல்லாவற்றையும் கொட்டுவாள். மற்றவள் விளங்காமலே கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு முறை மாறும்.*

அன்றைக்குச் சொல்லி முடித்து, மூக்கைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சரி, இனி உங்கட முறை. எனக்கு விளங்காத பாஷையில சொல்லுங்கோ."

எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. ஆவணிக்கு முன்னம் சொல்லியே ஆகவேண்டியது. சொன்னால் கல்யாணம் நடக்காமலும் போகலாம். ஆனால் என்னிடம் இருப்பது தமிழ், சிங்களம், அரைகுறை இங்கிலீஷ். மூன்றும் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

(* டோல்மா சொன்னது என்னவென்று ஜதுசாவுக்கு இன்றுவரை தெரியாது. "ஒழுங்காக் கேட்டனான், அது காணும்" என்பாள்.)

2

கதைக்கு ஒரு தொடக்கம்:

திபெத்திய மொழியும் ருமேனிய மொழியும் பேசப்படும் இடங்களை ஒப்பிட்டால்

(கட்டுரை மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, போவோம்.)

ருமேனிய மொழி வரைபடத்தில் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது. ருமேனியா, பக்கத்தில் மோல்டோவா, உக்ரேனிலும் சேர்பியாவிலும் கொஞ்சம். திபெத்திய மொழிக்கு அந்த வசதி இல்லை. பெரிய மேட்டுநிலம் முழுக்கப் பரந்து, நேபாளம், பூட்டான், லடாக் என்று மலை விளிம்புகளில் ஒழுகி, பிறகு அகதிகளோடு இறங்கிக் கர்நாடகத்துச் சோளக்காடுவரை வந்திருக்கிறது. ஒன்றுக்குக் கருங்கடல் இருக்கிறது. மற்றதற்குக் கடலே இல்லை. எங்கள் துறைமுகத்தில் இருந்து இரண்டும் ஒரே தூரம்.

(அளந்து பார்த்தேன், அப்படி இல்லை. திபெத்து எவ்வளவோ கிட்ட. வசனம் நல்லாயிருக்கு, கிடக்கட்டும்.)

இதை எழுதிவிட்டு ஜன்னலால் பார்த்தால் உள்துறைமுகத் தண்ணீர் மெல்ல மெல்ல மேலே எழும்பி மலையாகிறது. சீமெந்துக் கப்பல் பனிக்குள் நிற்கிறது. பஸ் ஸ்ராண்டில் திரியும் மான்கள் இரண்டு அந்தச் சரிவில் ஏறிப்போகின்றன. வெயில் முகத்தில் சுட்டு நினைவு திரும்பும்வரைக்கும் நான் அங்கேதான் இருக்கிறேன். அங்கே யாரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.

3

ஒரு ஆளை உண்டாக்கினேன். பெயர் தர்மசீலன். சண்டைக்குள் இந்தியாவுக்கு ஓடி, கர்நாடகத்தில் திபெத்தியரின் சோளக்காட்டில் கூலிவேலை செய்து, அவர்களின் மொழியைப் பிடித்துக்கொண்டு திருகோணமலைக்குத் திரும்பியவர். நல்ல மனிசன். ஆனால் எனக்கு அவரில் நம்பிக்கை இல்லை. ஏன் இந்த மனிசன் எந்த நேரமும் ஜதுசாவின் கையையே பார்க்கிறார்?

அவருக்கு வேலை வேண்டுமே. ஓர்ஸ் ஹில்லில் ஒரு வெளிநாட்டு வேலைவாய்ப்புக் கந்தோரில் கிளார்க். (சீ, இது என்னுடைய வேலை. வெட்டவேண்டும். வெட்ட மனம் வரவில்லை.)

கடற்கரையில் ஜதுசாவுக்குப் பக்கத்தில் அவரை இருத்தினேன். காற்று விழுந்திருந்தது. தர்மசீலன் தொண்டையைச் செருமிக்கொண்டு, திபெத்திய மொழியில், ஜதுசா, அண்டைக்கு நான்

திபெத்திய மொழி எனக்கும் தெரியாதே! அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் தெரியாது என எழுதித் தப்பிவிடலாம். அது பச்சைப் பொய்.

4

முடிவுகள்:

அ. தர்மசீலன் சொல்கிறார். ஜதுசா விளங்காமல் தலையாட்டுகிறாள். ஆவணியில் தாலி, பந்தி, பாயாசம். இந்த முடிவோடு நான் ஒரு கிழமை நிம்மதியாக நித்திரை கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஆ. ஜதுசாவுக்கு எல்லாம் முன்னமே தெரியும், மன்னித்துவிட்டாள். அவளிடம் கேளாமல் அவளுடைய மன்னிப்பை நானே எழுதுவதா? என்ன துணிச்சல் எனக்கு!

இ. 

நேற்று அவள் கந்தோர்ப் பக்கம் வந்தாள்.

"என்ன, இன்னும் பாஷை தேடி முடியேல்லையோ? டோல்மா எண்டா இதுக்குள்ள ரெண்டு தரம் அழுது முடிச்சிருப்பாள்."

"தேடிக்கொண்டிருக்கிறன்."

"அப்பிடிப் பெரிய விசயமோ?"

"ஓம்."

அவள் சிரிக்கவில்லை. வலது கையின் கடைசி இரண்டு விரல்களையும் தேய்த்துக்கொண்டு நின்றாள். குளிரில் மரத்துப்போன விரல்கள் அவை.

"எனக்கு அவசரம் இல்ல," என்றாள். "ஆனா அதைக் கேக்காமல் நான் தாலிக்குக் கழுத்தை நீட்டமாட்டன்."

5

தர்மசீலன் என்று ஒருவரும் இல்லை. வாசகர் என்று நான் நினைத்து எழுதியதும் ஒரே ஒரு ஆளைத்தான். ஜதுசா, இந்தக் கடதாசியளை உங்கட கையில தரப்போறன். இனி எழுத்துத் தமிழும் வேண்டாம்.

எங்கட கந்தோர்தான் உங்களைத் தையல் வேலைக்கு எண்டு ருமேனியாவுக்கு அனுப்பினது. நீங்கள் பிளேன் ஏற ஒன்பது நாளுக்கு முன்னம் அங்கத்தைக் கொம்பனியில இருந்து ஈமெயில் வந்தது. தையலுக்கு ஆள் நிறைஞ்சிட்டுது, வாற பிள்ளையளை இறைச்சிக் குளிரறையில போடப்போறம் எண்டு. அதை வாசிச்சது நான். முதலாளி உங்களுக்குச் சொல்லாதை எண்டார். அவரில பழியைப் போட ஏலாது. அண்டைக்குப் பின்னேரம் நீங்கள் புதுச் சூட்கேஸைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு என்ர மேசைக்கு முன்னால நிண்டனீங்கள். சொல்லுறதுக்கு எனக்கு நேரமும் இருந்தது, வாயும் இருந்தது. பிரிண்ட் எடுத்ததை மடிச்சு மேசை லாச்சிக்குள்ள வைச்சனான்.

ரெண்டு வருசம் கழிச்சு உங்கட ஃபைலைக் கேட்டு வந்தனீங்கள். விரலைக் கண்டனான். அண்டைக்காவது சொல்லியிருக்கவேணும். அதுக்குப் பதிலா, தேத்தண்ணி குடிப்பமோ எண்டு கேட்டனான்.

நீங்கள் அந்தப் பதினொரு நிமிசமும் என்ன சொன்னனீங்கள் எண்டு நான் கேக்கமாட்டன். அது உங்கட. என்ர முறை இவ்வளவுதான்.

இ எண்ட முடிவை நீங்கள் சொல்லுங்கோ. ஏசுறதெண்டாலும், வேண்டாம் எண்டுறதெண்டாலும், ருமேனியனில வேண்டாம். தமிழில சொல்லுங்கோ. எனக்கு விளங்கவேணும்.