குடிக்காதவரின் வாக்குமூலம்

இருமல் மருந்தை வாயில் ஊற்றினாலே முகம் சுளிக்கிற ஆள் என் வீட்டுக்காரர். அந்த மனிதர் டாக்டரம்மாவின் முகத்துக்கு நேராக, "ஆமா, குடிச்சிருக்கேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பக்கத்து நாற்காலியில் அச்சகத்து மேனேஜர். ஆஸ்பத்திரிச் செலவு அச்சகத்துடையது என்பதால் எந்தக் காகிதமும் அவர் கண்ணில் படாமல் போகாது. காலையில் கட்டிங் மெஷின் முன்னால் இவர் தள்ளாடியதைப் பார்த்துவிட்டு இங்கே கூட்டிவந்ததும் அவர்தான். ஐந்நூறு தாளை ஒரே அழுத்தில் நறுக்கும் மெஷின் அது. பதினாறு வருஷமாக அதை ஓட்டுவது இவர்தான்.

"அவரே ஒத்துக்கிட்டாரு டாக்டர். முதல் தடவைதானே, எச்சரிக்கை லெட்டரோட விட்டுடலாம்" என்று மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

இவர் ஏன் புளுகுகிறார் என்று எனக்குத்தானே தெரியும். குடித்தவனுக்கு மெஷின் திரும்பக் கிடைக்கும், வலிப்புக்காரனுக்குக் கிடைக்காது. வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே தினமும் வலிப்பு மாத்திரை போடுகிறார். அச்சகத்தில் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. அதற்கப்புறம் ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் நெஞ்சு படபடக்கிறது என்று இதே டாக்டரம்மாவிடம் வந்தோம். படிவத்தில், வேறு மருந்து எடுக்கிறாரா என்று கேட்ட இடத்தில் 'இல்லை' என்று எழுதியவள் நான். துடிப்பைச் சீராக்க மாத்திரை கொடுத்தார்கள், சீரானது. இப்போது பத்து நாளாக நடை கோணுகிறது, நாக்கு குழறுகிறது. அசதி என்று அவர் சொன்னார். நானும் நம்பித் தொலைத்தேன்.

எழுந்து ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்தேன்.

"கொஞ்சம் உக்காருங்கம்மா, எனக்கே தலை சுத்துது" என்ற டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பினார். "வாடையே வரலையே. என்ன குடிச்சீங்க?"

"எல்லாம்தான்."

ஒரு சரக்கின் பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை. இந்த லட்சணத்தில் குடிகாரராம்!

டாக்டரம்மா விரலை நீட்டி, அதையே பார்க்கச் சொன்னார். இவர் கண்கள் ஒரு இடத்தில் நிற்காமல் துடித்தன. "சாப்பாட்டுல ஏதாவது மாத்துனீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு வாரமா காலையில பம்பளிமாஸ் சாறு குடுக்கறேன். இதயத்துக்கு நல்லதுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க."

"அடடா, முதல்ல அத நிறுத்துங்க. இந்த மாத்திரையோட சேர்ந்தா மருந்து உடம்புல தேங்கிடும். ஆனா கண்ணு இப்படி ஆடறதுக்கு அது மட்டும் காரணமா இருக்காது. வேற மருந்து எதுவுமே இல்லையா?"

"இல்ல" என்றார் இவர். மேஜைக்கடியில் அவர் செருப்பு என் பாதத்தை அழுத்தியது. "குடிச்சேன்னு சொல்றேன்ல, எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? வீட்டுக்கு வந்து அதே இரண்டு மாத்திரையையும் விழுங்குவார். காலையில் மெஷின் முன்னால் நிற்பார். என் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"இருக்கு டாக்டரம்மா" என்றேன். கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். "வலிப்பு மாத்திரை. பல வருஷமா போடறாரு. அந்தப் படிவத்துல நான்தான் பொய் எழுதினேன்."

"வாய மூடு!" என்று கத்திக்கொண்டு எழுந்தவர் அப்படியே சரிந்தார். மேனேஜர் பாய்ந்து தாங்கிப் பிடித்தார். மூன்று பேருமாகக் கட்டிலில் படுக்கவைத்தோம்.

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதயத்துக்கு நான் குடுத்த மாத்திரை இத உடம்ப விட்டுப் போக விடாதும்மா. சேர்ந்து சேர்ந்து விஷமாயிடும். போதாததுக்கு அந்தச் சாறு வேற. ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு அளவ மாத்தறேன். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, வலிப்பு திரும்ப வந்துடும். நல்லவேளை இன்னிக்குச் சொன்னீங்க."

மேனேஜர் எழுத ஆரம்பித்த எச்சரிக்கை லெட்டரைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "மெஷின் இனிமே குடுக்க முடியாதும்மா. வேற ஏதாவது வேலை இருக்கான்னு கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நர்ஸ் ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறவரை இவர் சுவர்ப்பக்கமே திரும்பிக் கிடந்தார்.

"பதினாறு வருஷம்" என்றார் கடைசியில். "ஒரு விரலுக்காவது ஏதாவது ஆயிருக்கா? சொல்லு."

"ஆகலை. ஆனா நீங்க வேலை விட்டு வந்து கதவத் தட்டினா, நான் முதல்ல பாக்கறது உங்க மூஞ்சிய இல்லீங்க. விரல எண்ணுவேன்."

அவர் மெதுவாகத் திரும்பினார்.

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை தவிர."