புகார் இல்லாத நாள்

எங்கள் அப்பாவுக்கு மூக்கின் மேல் கோபம். அந்த மூக்கு எனக்கும் வந்து வாய்த்திருக்கிறது. ஆனால் அவர் கோபத்துக்கு இப்போது சத்தம் கிடையாது. ஆறு மாசத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிசு என்று எல்லோரும் சொன்னோம்.

இன்று அவர்களுடைய கல்யாண நாள். வேலைக்குக் கிளம்பிய என் பின்னாலேயே அம்மா வாசல்வரை வந்தாள்.

“ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது.”

“சொல்லும்மா.”

“போன வருஷம் இதே நாள், குழாய்ல தண்ணி வரலன்னு உங்கப்பா உங்க ஆபீசுக்குப் போன் பண்ணி அந்தக் கத்து கத்தினாரே... அதெல்லாம் பதிவாகியிருக்கும்ல? ஒரே ஒரு தடவை கேக்கணும்டி.”

எனக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்? அப்பாவின் குரல் வேறெங்கும் இல்லை. கேமராவைப் பார்த்தாலே எழுந்து போய்விடுகிற மனுஷர் அவர்.

நான் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். வருகிற அழைப்பெல்லாம் தானாகப் பதிவாகும். ஒரு வருஷம் முடிந்த அன்று, ஆபீஸ் மூடும் நேரத்தில் தானாக அழிந்தும் போகும். அதாவது, இன்று சாயந்திரம்.

அப்பாவின் நம்பரைப் போட்டுத் தேடிப் பிரயோஜனமில்லை. அவர் கத்திய கத்தில் அந்த நம்பரை எங்கள் ஆபீசே எப்போதோ முடக்கிவிட்டது. அன்று தெருவில் யாரோ ஒருவரின் போனை இரவல் வாங்கித்தான் பேசினார். தேதி மட்டும்தான் துப்பு. கொடுத்தேன். ‘பதிவு எதுவும் இல்லை’ என்று வந்தது.

“அன்னைக்கு யாருமே புகார் பண்ணலம்மா. நம்ம சேவை அப்படி!” என்று பூரித்தார் மேலாளர். எந்த நாளைத் தேடினாலும் அவருக்குப் புகார் பூஜ்யம்தான். அதனால் அவருக்கே பூஜ்யம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “குழாய்ல வெறும் காத்து வந்த நாள் சார் அது! எங்கப்பா கத்தினது தெருவுக்கே கேட்டுச்சு.”

“அப்போ கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?”

நேற்றைய தேதியைப் போட்டுப் பார்த்தேன். நேற்று முழுக்கப் போன் ஓயவே இல்லை. அதற்கும் ‘பதிவு எதுவும் இல்லை’. அடப்பாவி!

தேடுகிற புரோகிராமைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு அழைப்பும் தேதியோடு மணி, நிமிஷம், விநாடிவரை சேர்ந்தே பதிவாகிறது. தேடும்போது நாம் கொடுப்பது வெறும் தேதி. நேரம் சொல்லாததால், அந்த நாள் பிறக்கிற நள்ளிரவைத்தான் கேட்கிறோம் என்று அது எடுத்துக்கொள்கிறது. விருந்துக்கு இன்ன நாள் வாங்க என்று கூப்பிட்டுவிட்டு, நள்ளிரவில் வந்து நிற்பவனுக்கு மட்டும் கதவைத் திறந்தால் எப்படி? இதைச் செய்து கொடுத்த புண்ணியவானை மனசார வைதேன். பிறகு, அந்த நாள் தொடங்கியதிலிருந்து மறுநாள் தொடங்கும் முன்வரை, எந்த நேரத்தில் வந்திருந்தாலும் கொடு என்று மாற்றி எழுதினேன்.

கொட்டியது. திரை கொள்ளாத அழைப்புகள்.

பூஜ்யத்துக்கு முகம் செத்துப்போனது. “புகார் கொடுத்தவங்க கேட்டா நகல் கொடுக்கலாம்னு விதி இருக்கு. பாதியை எனக்கு அனுப்பும்மா” என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

ஜன்னல் வெயில் சாய்ந்துவிட்டது. காவலாளி சாவிக்கொத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். அம்மாவிடம் என்ன சொல்வேன்?

“ஏம்மா, இங்க ஒருத்தர் என்னை எருமைமாடுங்கறார். உங்கப்பாவா பாரு” என்று ஹெட்போனைக் கழற்றினார் பூஜ்யம்.

ஓடிப்போய்க் கேட்டேன். அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், போனில் ஏற்றி வந்த நகலை மேஜைமேல் வைத்துப் போட்டேன். அப்பா என்னமோ ஏதோ என்று எதிர் நாற்காலியிலிருந்து பார்த்தார்.

“பாக்கறோம் பாக்கறோம்னா எதைய்யா பாக்கறீங்க, வானத்தையா? உங்க மேனேஜர் எருமைமாட்டைக் கூப்பிடு! இன்னைக்கு எங்க கல்யாண நாள்யா. எம் பொண்டாட்டி புதுப் புடவையை மடியில வச்சுக்கிட்டுக் குளிக்காம உக்காந்திருக்கா. அவ மூஞ்சியைப் பாக்க முடியல எனக்கு...”

பதிவிலேயே, பின்னால் வாசலிலிருந்து அம்மாவின் குரல். “போதும், வாங்க.”

அவ்வளவுதான், அந்தக் கத்தல் பொசுக்கென்று அடங்கியது. “இதோ வந்துட்டேன்மா.”

அப்பா வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தார். அம்மா அந்தக் கடைசியை மட்டும் மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். இன்னொரு தடவை என்றாள். மூன்றாம் தடவை நான் போனைத் தொடுவதற்குள் அவளே கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

“போதும், வாங்க.”

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.