பரவை வீட்டு விருந்தாளி

ஊர் சுற்றுவது சுகம்தான். சுற்றிவிட்டுச் சொந்த ஊருக்கு வருவதுதான் பெரும்பாடு. ஐரினைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்லுவாள்.

ஐரினும் கிளமெண்ட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வீட்டுச் சாமான்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு பெட்டியோடு கிளம்பியவர்கள். ஆறு வருஷம் ஓடிப்போயிற்று. கிளமெண்ட் மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார். ஐரின் அதே பள்ளிக்கூடத்து ஆபீஸில் கிளார்க். பிள்ளைகள் இல்லை. ஒரு ஊரில் இரண்டு மாதம், இன்னொரு ஊரில் மூன்று மாதம் என்று அறை எடுத்துத் தங்குவார்கள். அங்கத்துச் சந்தையில் காய் வாங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். அலுத்துப்போனால் அடுத்த ரயில். அஸ்ஸாமில் ஆற்றுத் தீவில் இருந்திருக்கிறார்கள். இமாச்சலில் பனியில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். விழுந்தது கிளமெண்ட், சிரித்தது ஐரின்.

வருஷத்துக்கு இரண்டு தடவை மதுரை. சொந்தக்காரர்களைப் பார்க்க அல்ல, சிநேகிதர்களைப் பார்க்க. அதுவும் மூன்றே நாள். "விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்பது கிளமெண்ட் போட்ட சட்டம். அந்த மூன்று நாளில் அவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. செல்லூரில் சவரியப்பன் வீட்டில் மத்தியானம் கோழிக் குழம்பு. சாயங்காலம் இன்னொரு வீட்டில் பணியாரம். ராத்திரிக்கு வேறு வீட்டில் புரோட்டா. முதல் வீட்டில் சாப்பிட்டதை அடுத்த வீட்டில் வாய் திறந்து சொல்லிவிடக் கூடாது. சொன்னால், "ஓ, எங்க வீட்டுச் சோறு எளப்பமாப் போச்சோ?" என்று மல்லுக்கு நிற்பார்கள். வயிறு என்ன வாடகைக்கா எடுத்து வந்தது?

தங்குவது மட்டும் எப்போதும் பரவையில், பேயாண்டி வீட்டில். கிளமெண்ட்டும் ஐரினும் அந்த வீட்டு மாடியில் பத்தொன்பது வருஷம் குடியிருந்தவர்கள். பேயாண்டிக்குப் பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கடை. அவர் பெண்சாதி சின்னத்தாய்தான் ஐரினுக்கு எல்லாமும். கிளமெண்ட்டை அவள் அண்ணே என்பாள். அந்த முறையில் ஐரின் அவளுக்கு மதினி. அந்தக் காலத்தில் ஐரின் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மாடிப்படி ஏறுவதற்கு முன்னால் சின்னத்தாயின் அடுப்படிக்குள் போய், சட்டியைத் திறந்து பார்த்து, "என்னடி இது, உப்புமில்லாம ஒறப்புமில்லாம" என்று குறை சொல்லிவிட்டுத்தான் போவாள். பதிலுக்குச் சின்னத்தாயிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

இப்போது? இப்போது அந்த வீட்டில் ஐரின் விருந்தாளி. அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மாடியில் பேயாண்டியின் மகன் குடும்பம் குடிவந்துவிட்டதால், கீழே முன்னறையைத் தங்குவதற்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். புது விரிப்பு, புதுத் தலையணை உறை. அந்த அறைக்குள்ளேயே புதிதாகக் குளியலறை வேறு. எழுந்தால் காபி அறைக்கு வந்துவிடும். தட்டைக் கழுவப் போனால், "ஐயோ மதினி, நீங்க உக்காருங்க" என்று சின்னத்தாய் பிடுங்கிக்கொள்வாள். நீங்களாம், உக்காருங்களாம்! இந்தத் தடவை அது இன்னும் மோசம். முந்தியெல்லாம் முதல் நாள் ராத்திரியே பேயாண்டியும் சின்னத்தாயும் ஒருவரை ஒருவர் கேலியாக வாரிக்கொண்டு வீடே கலகலப்பாகிவிடும். இந்தத் தடவை வீடு வாத்தியார் வந்த வகுப்பு மாதிரி இருந்தது. சாப்பிடும்போது பேயாண்டி, "மாப்ள, தண்ணி குடிக்கிறீகளா? எனக்குந்தான் நாக்கு வறண்டு கெடக்கு" என்பார் கிளமெண்ட்டிடம். இரண்டு டம்ளர் தண்ணீர் வரும். சின்னத்தாய், "அண்ணே, கொழம்புல உப்பு பத்துமா?" என்று கிளமெண்ட்டிடம்தான் கேட்பாள். கிளமெண்ட், "பிரமாதம்மா" என்பார். பேயாண்டி மின்விசிறியைப் பார்த்து, "கொஞ்சம் போட்டாத்தான் என்ன" என்பார். உப்பு ஜாடி வந்துவிடும்.

கிளமெண்ட்டுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒளி எங்கே வளைகிறது என்று முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்திய மனுஷனுக்கு, எதிரே இருக்கிற முகம் கோணியிருப்பது தெரியாது. இரண்டாம் நாள் ராத்திரி ஐரின்தான் அவரை உலுக்கி எழுப்பினாள்.

"நம்மளால இவங்களுக்குச் சங்கடம். பாத்தீங்களா, ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசக்கூட இல்ல. நம்ம முன்னாடி நடிச்சு நடிச்சு அலுத்துப் போச்சு அவங்களுக்கு."

"எம்புட்டு நல்லா கவனிக்கிறாங்க. தூங்கு."

"அதைத்தான் சொல்றேன். கவனிக்கிறாங்க. அடுத்த தடவை பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ்ல ரூம் போட்ருவோம். நாளைக்குக் கெளம்பும்போது நானே சொல்லிர்றேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு மனசில்லை. எந்த ஊரில் எந்த லாட்ஜில் படுத்தாலும் கவலைப்படாதவள் அவள். ஆனால் மதுரைக்கு வந்து லாட்ஜில் படுத்தால், அப்புறம் மதுரையும் அவளுக்கு இன்னொரு ஊர். திரும்பி வருவதற்கு என்று உலகத்தில் ஒரு வாசல்கூட இல்லை என்று ஆகிவிடும். அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள், மத்தியானம் ரயில். காலையில் சின்னத்தாய் பால் வாங்க முக்குக் கடைக்குப் போன நேரம். போகிற போக்கில் ஏதாவது ஒரு வேலை செய்துவிட்டுப் போவோம், அவளுக்குப் பிடித்த முருங்கைக்கீரை அடையைச் சுட்டு வைப்போம் என்று ஐரின் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். மூன்று நாளில் இப்போதுதான் அந்தப் பக்கம் கால் வைக்கிறாள். ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தாள்.

முருங்கை மரத்தைக் காணோம்.

கிணற்றடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை நின்றது. அவ்வளவுதான். அந்த மரத்தடியில்தான் பத்தொன்பது வருஷமும் சாயங்காலமானால் இரண்டு பேரும் கீரை உருவிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள்.

பால் சொம்போடு உள்ளே வந்த சின்னத்தாயிடம், "ஏய் சின்னத்தாயி, மரத்த எங்கடி?" என்று ஐரின் கத்தினாள்.

கேட்டிருக்கவே கூடாது. சொம்பை டொக்கென்று வைத்தாள் சின்னத்தாய்.

"அந்த மகராசனக் கேளுங்க, மதினி! முன்வாசல்ல பேப்பரு படிக்கிறாரே, அவரக் கேளுங்க! பேரையூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு ஒரு ராத்திரி தங்கி வாரேன், வந்து பாத்தா மரத்தச் சாச்சுப் போட்ருக்காரு! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த கேட்டாரா எங்கிட்ட?"

பேயாண்டி பேப்பரும் கையுமாக ஓடி வந்தார். பின்னாலேயே கிளமெண்ட்.

"தங்கச்சி, நீயே நாயத்தச் சொல்லும்மா," என்றார் பேயாண்டி ஐரினிடம். "மழை பேஞ்சதும் மரம் பூராக் கம்பளிப்பூச்சி. சட்டையில, துண்டுல, படுக்கையில. ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. கொப்ப மட்டும் கழிக்கத்தான் மரம் வெட்டுற முத்திருளன வரச் சொன்னேன். நான் கடைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள அவன் அடியோட அறுத்துப்புட்டான். முருங்கதான, மறுக்காத் தழையும்ல?"

"தழையும், தழையும்! அவருகிட்டச் சொல்லுங்க மதினி, தழையிற வரைக்கும் நானும் வாயத் தொறக்க மாட்டேன்னு!"

"அவகிட்டச் சொல்லு தங்கச்சி, பதினோரு நாளா இதே பாட்டுத்தான்னு."

பதினோரு நாள்! ஐரினுக்கு இப்போதுதான் விளங்கிற்று. இரண்டு டம்ளர் தண்ணீரும், மின்விசிறியிடம் கேட்ட உப்பும். இந்த வீட்டில் புருஷன் பெண்சாதிக்குப் பேச்சு நின்றால் இப்படித்தான். நடுவில் யாராவது ஒரு ஆளை வைத்துக்கொண்டு பேசுவார்கள். விருந்தாளி முன்னால் வீட்டுச் சண்டையை எடுக்கக் கூடாது என்று இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மாட்டிக்கொண்டவர் கிளமெண்ட். அவர் பாட்டுக்குப் பிரமாதம் பிரமாதம் என்று சாப்பிட்டிருக்கிறார்.

அப்படியானால் அலுப்பு தங்கள் மேல் இல்லை! ஐரினுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? நாட்டாமைக்குக் கிளம்பிவிட்டாள்.

"அண்ணே, கேக்காம வெட்டுனது ஒங்க தப்பு. சின்னத்தாயி, நீயும் ஒண்ண யோசி. இம்புட்டு நாளா பேசாம இருக்கறது அதவிடத் தப்பு. கம்பளிப்பூச்சி கடிச்சா யாருதான் சும்மா இருப்பா? நானா இருந்தாலும் வெட்டத்தான் சொல்லிருப்பேன்."

சின்னத்தாய் சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் சொருகினாள்.

"நீயா? நீயா நாயம் பேச வந்த? ஒனக்கென்னடி, மரம் இருந்தா என்ன, போனா என்ன! வருசத்துக்கு ஆறு நாளு வாரவளுக்கு! இங்கன இருக்கறவ நானு. நீ போனதும் அந்த மரத்தடியில தனியா உக்காந்து கீரை உருவுனவ நானு. ஒருத்திகூட வந்து எஞ்சட்டியத் தொறந்து பாக்கல, எங்கொழம்பக் கொற சொல்லல! அஸ்ஸாமுலருந்து போட்டோ அனுப்புற. ஆத்தப் பாரு, மலையப் பாருன்னு. ஆத்த வச்சு நான் என்னடி பண்ண? வந்தா மட்டும் மூணு நாளு, அதுலயும் பாதி நாளு செல்லூருல!"

ஐரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. திட்டு விழ விழ அவளுக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. ஆறு வருஷமாக அவளை யாரும் இப்படி உரிமையோடு வைததில்லை. போகிற ஊரில் எல்லாம் அவளிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். மரியாதை யாருக்கு வேண்டும்!

"ஏ புள்ள, ஊருக்குப் போற நாளும் அதுமா அந்தப் பிள்ளைய எதுக்கு இந்த வைவு வையிற?" என்றார் பேயாண்டி.

"நீங்க பேசாதீக! இது எனக்கும் அவளுக்கும்!" என்று சின்னத்தாய் அவரைப் பார்த்து ஒரு போடு போட்டாள்.

பதினோரு நாளைக்கு அப்புறம் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிவிட்டார்கள். சின்னத்தாய்க்கே அது தாமதமாகத்தான் உறைத்தது. பேயாண்டி பேப்பரால் வாயை மறைத்துக்கொண்டார்.

"என்ன சிரிப்பு? கடைக்கு நேரமாகலையா? வந்து இட்லியத் தின்னுட்டுப் போங்க," என்று அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள் சின்னத்தாய். ஐரின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஐரினுக்கு அறைக்குக் காபி வரவில்லை. இலை போட்டு உட்கார வைக்கவில்லை. அவளாகவே அடுப்படிக்குப் போனாள், மிச்சமிருந்த இட்லியை எடுத்துப் போட்டுக்கொண்டாள், சட்னியை வழித்து ஊற்றிக்கொண்டாள். பின்னால் நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சின்னத்தாய் ஒரு வார்த்தை பேசவில்லை. "சட்னியில புளிப்பு தூக்கலா இருக்கு," என்றாள் ஐரின், சுவரைப் பார்த்து. பாத்திரம் படாரென்று விழுந்தது. ஐரின் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். யாரும் பிடுங்கவில்லை. இட்லி அமிர்தமாக இருந்தது.

பெட்டி கட்டும்போது கிளமெண்ட் மெதுவாக, "லாட்ஜ் விஷயத்தைச் சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"எந்த லாட்ஜ்?" என்றாள் ஐரின்.

ஆட்டோ வந்து நின்றது. பேயாண்டி பெட்டிகளைத் தூக்கி வைத்தார். சின்னத்தாய் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வாசல்படிக்கு வந்தாள். கிளமெண்ட்டை மட்டும் பார்த்தாள்.

"அண்ணே, ஒங்க வீட்டம்மாகிட்டச் சொல்லுங்க. போய்ச் சேந்ததும் போன் பண்ணணும்."

கிளமெண்ட் பக்கத்தில் நின்ற ஐரினைப் பார்த்து, "போன் பண்ணணுமாம்," என்றார். மனுஷனுக்கு இப்போதுதான் பாடம் பிடிபட்டிருந்தது.

"பண்ணுவாளாம்னு சொல்லுங்க," என்றாள் ஐரின்.

"நான் எடுக்க மாட்டேன். அதையும் சொல்லிருங்கண்ணே."

"எடுக்க மாட்டாளாம்."

"எடுக்கலேன்னா எத்தன தடவை பண்ணணும்னு கேளுங்க."

சின்னத்தாய் தெருவைப் பார்த்தாள்.

"எடுக்குற வரைக்கும் பண்ணச் சொல்லுங்க!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். ஐரின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். சண்டை பாதியில் நிற்கிறது. முடிக்க வந்துதானே ஆக வேண்டும்.