இடது முள்

சிவப்பு முள் துடிக்கிறது, வெள்ளை முள் சும்மா நிற்கிறது, வெள்ளை முள் நான், என் பக்கத்துச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றுப்பையின் அழுத்தம், சிவப்பு முள் இடது பக்கம், பாவாயி, உள்ளங்கையளவு மீட்டரின் வட்டக் கண்ணாடிக்குள் நாங்கள் இருவரும் ஒரே அச்சில் மாட்டப்பட்டு நாற்பது வருடக் குடித்தனத்தில் கண்டறியாத நெருக்கத்தில் கிடக்கிறோம், வெயில் விழுந்து கண்ணாடி கூசுகிறது, அந்தக் கூச்சத்துக்குள், மீட்டர் மாட்டிய அன்று சுற்றிய சீரங்கனின் துளைபோடும் மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, டேஷ்போர்டின் கறுப்புப் பிளாஸ்டிக் சுருள் சுருளாக அவள் மடியில் உதிர்கிறது, ஏனுங் மாமா, ஓட்டை போட நல்ல நேரம் பாத்தீங்களா என்கிறாள் என் மனைவி, புள்ளைக்குக் காது குத்தறதுன்னாத் தாய்மாமன் மடியில வெச்சுக் குத்தோணும், இந்த வண்டிக்குத் தாய்மாமன் ஆரு, நானே இருந்துக்கறனுங் அக்கா, சீர் செய்யச் சொல்லாம இருந்தீங்கன்னாச் சரி என்று சீரங்கன் சிரிக்கிறான், லாரிப் பட்டறைக்காரன், ஆம்னி பஸ்கள் குலுங்காமல் போகச் சக்கரத்துக்கு மேல் காற்றுப்பை மாட்டுகிறவன், தோட்டத்து மஞ்சள் ஏற்றும் என் பிக்கப் வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் மாட்டித் தா என்று நான் போய் நின்றபோது, ஏனுங்ணா, மஞ்ச மூட்டைக்கு மெத்தை போட்டுக் கொண்டுபோறீங்களா என்று கேலி பேசியவன், மூட்டைக்கு இல்லடா, அக்காளுக்கு என்றதும் ஜாக்கியை எடுத்துவந்துவிட்டான்.

மீட்டரை எங்கே பொருத்துவது என்று அன்று நாங்கள் மூவரும் போட்ட சண்டை சட்டசபையில்கூட நடந்திருக்காது, ஸ்டியரிங்குக்கு நேரே பித்தளை முருகன் நிற்கிறார், எங்கள் பக்கத்தில் பிரேக் இல்லாமல் வண்டி ஓட்டுவான், சாமி இல்லாமல் ஓட்டமாட்டான், அவரை அரை அங்குலம் நகர்த்தச் சொன்னதற்குப் பாவாயி என்னை நாத்திகன் என்றாள், சரி, மீட்டர் நடுவில், இரண்டு பேர் கண்ணிலும் படுகிற மாதிரி, சுவிட்சு டிரைவர் வலக்கைப் பக்கம் இருக்கட்டுமுங் என்றான் சீரங்கன், அங்கேதான் அவள் நிமிர்ந்தாள், நிமிரக்கூடாத முதுகு, சுச்சு எங்கிட்ட இருக்கோணும், குழி வர்றது உங்களுக்குக் கண்ணுல தெரியும், எனக்கு எலும்புல தெரியும், நாப்பது வருசமா நீங்க ஓட்டறீங்க, நான் உக்காந்துக்கிட்டு வர்றேன், ஒரே ஒரு சுச்சு எனக்குன்னு வெய்யுங்களேன், சீரங்கன் என்னைப் பார்த்தான், நான் முருகனைப் பார்த்தேன், முருகன் யாரையும் பார்க்கவில்லை, சுவிட்சு இடது கதவோரம் போயிற்று, கையைத் தூக்காமல் விரலை நீட்டினாலே எட்டுகிற இடத்தில், மேலே அமுக்கினால் அவள் பக்கத்துப் பையில் காற்று ஏறும், கீழே அமுக்கினால் புஸ்ஸென்று இறங்கும், என் பக்கத்துக்குத் தனிச் சுவிட்சு, அதை நான் அமுக்கியதே இல்லை, அமுக்கவிட்டால்தானே.

நான் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், ராசிபுரத்துக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே இன்று கூன் போட்டு நடக்கிற அத்தனை பேரும் என் பயணிகள்தான், ஒரு வேகத்தடையில் நான் விட்ட விடுதலில் கடைசி சீட்டுப் பெரியவர் எகிறிக் கூரையில் முட்டி, இறங்கும்போது பத்து வருடக் கழுத்துவலி போச்சு சாமி என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார், அப்பேர்ப்பட்டவன் பெண்டாட்டிக்குத்தான் எலும்புக்குள் புற்று வந்தது, தேனடையாட்டம் ஆயிருச்சுங்க உள்ள, அலுங்காம கூட்டிட்டு வாங்க என்றார் சேலத்து டாக்டர், வாரம் ஒரு ஊசி, தும்மினாள், ஒரு விலா போயிற்று, சொம்பைத் தூக்கினாள், மணிக்கட்டு போயிற்று, காரில் குனிந்து ஏற முடியாது, ஆம்புலன்சுக்குச் சொல்லட்டுமா என்றால், அதுல படுத்துக்கிட்டுப் போனா ரோட்டுல போறவன் பொணம்னு நெனச்சுக் கும்புடுவான், நான் உக்காந்துதான் வருவேன் என்கிறாள், பிக்கப் வண்டியின் சீட்டுத்தான் அவள் இடுப்புக்குச் சரியான உயரம், ஆனால் பாரம் ஏற்றப் பிறந்த வண்டி அது, வெறுமனே போனால் எருமைக் கன்று மாதிரி துள்ளும், எங்கள் தோட்டத்துப் பாதைக் குழிகளோ, ஒவ்வொன்றிலும் இரண்டு தலைமுறைத் தவளை குடியிருந்தது, பின்னால் மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தேன், மூட்டைமேல் மூட்டை, மணலுக்குத்தான் சொகுசாக இருந்தது, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உதட்டில் ரத்தம்.

காற்றுப்பை மாட்டிய முதல் நாள், மிகையில்லை, வண்டி தரையில் போகவே இல்லை, மேகத்துக்குள் போயிற்று, பாவாயி குழி வருமுன்னே புஸ்ஸென்று இறக்குகிறாள், மேடு வருமுன்னே ஏற்றுகிறாள், இடப்பக்கம் பாருங், மெதுவாப் போங், பஸ்ஸுன்னு நெனச்சிங்களா என்று எனக்கே கண்டக்டராக வருகிறாள், நான் விசில்தான் ஊதவில்லை, சீரங்கன் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்று, மட்டமான தரையில் வண்டி மட்டமாக நிற்கணும், ஆள் பாரம் குறைந்தால் அந்தப் பக்கத்து முள் இறங்கும், வண்டி அந்தப் பக்கம் லேசாக எழும்பும், கொஞ்சம் காற்றை விட்டு மட்டம் பண்ணிக்கோங்க, அதைக் காதில் வாங்கியபோது அதில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை, இரண்டு முள்ளும் ஒட்டிப்பிறந்த மாதிரி நின்றன, அடுத்த மாதம் சிவப்பு ஒரு மயிரிழை கீழே, அதற்கடுத்த வாரம் இன்னும் ஓர் இழை, நிற்க முடியாதவளை ஆஸ்பத்திரியில் எடைமேடையில் ஏற்றுவதில்லை, அவள் கரைவதைப் பார்க்க உலகத்திலேயே இருந்த ஒரே தராசு என் வண்டியில் இருந்தது, துளைபோட்டு, திருகாணி முடுக்கி, நானே மாட்டி வைத்தது, புடவைக்குள் தெரியாதது கண்ணாடிக்குள் தெரிந்தது, சிவப்பு முள் இறங்குகிறது, நான் பாதையைப் பார்க்கிறேன், முள்ளைப் பார்க்கிறேன், அவள் நான் பார்ப்பதைப் பார்க்கிறாள், என்னங் மாமா, முருகனையே பாத்துக்கிட்டு வர்றீங்க, பக்தி முத்திப்போச்சா என்கிறாள், ஆமாமா என்கிறேன், அந்த வாரமெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை, தட்டில் மிஞ்சிய சோற்றை அவள் பார்த்தாள்.

அப்புறம் முள் ஏறியது. டீ வாங்க இறங்கிவிட்டுத் திரும்பி வருகிறேன், சிவப்பு முள் வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறது, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், நிற்கிறது, பாவாயி, முள்ளைப் பாருடி, உடம்பு பிடிக்குதுடி உனக்கு, அவள் டீயை வாங்கிக்கொண்டு, அப்புடீங்களா என்கிறாள், கண்ணு போட்டுறாதீங், நான் போட்டேன், ஊரே போடட்டும் என்று டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன், பஸ்ஸை நிறுத்தி டிரைவருக்குக் கொடுத்தேன், நாய்க்குக் கொடுத்தேன், இன்னும் ரெண்டு மாசத்துல எம் பொண்டாட்டியைத் தூக்கிவிடக் கிரேன்தான் வேணும், சீரங்கனை டயர் மாத்தச் சொல்லோணும், தாங்காது என்று பஞ்சாயத்து ஆபீசு வரைக்கும் போய்ச் சொன்னேன், பழைய ரவிக்கைகளைப் பிரித்து அகலம் வைக்கும்படி தையல்காரியிடம் சொல்லிவிட்டு வந்தேன், தையல்காரி ரவிக்கையையும் பாவாயியையும் மாறி மாறிப் பார்த்தாள், பாவாயி கண்ணால் ஏதோ சொன்னாள், அவள் சரிங்கண்ணா என்று வாங்கிக்கொண்டாள், இதெல்லாம் அப்போது நான் பார்த்தேனா, இப்போதுதான் பார்க்கிறேனா, வாரா வாரம் முள் வெள்ளையைத் தொட்டுக்கொண்டு நின்றது, வாரா வாரம் நான் சோறு தின்றேன், ரெண்டு சட்டி, அவள் என் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆனால் வண்டி மறுபடி தூக்கிப்போட ஆரம்பித்தது, மேகம் எங்கேயோ போய்விட்டது, சின்னக் குழிக்கும் அவள் பக்கம் தட்டென்று கல்லில் இடித்த மாதிரி விழும், அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பாள், சுச்சை அமுக்குடி, காத்தை விடுடி என்றால், விட்டுட்டுத்தான் வர்றனுங் என்பாள், புஸ்ஸென்ற சத்தம் எனக்குக் கேட்காது, வயசுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன், கீழே பைக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசர் மட்டும் அடிக்கொருதரம் உறுமிக்கொண்டு ஓடியது, ஒரு வாரம் இன்னொரு விலா, எக்ஸ்ரே எடுத்துவிட்டு, ரோட்டுல ரொம்ப அலுங்கினாங்களா என்று டாக்டர் கேட்டார், எனக்கு வந்த கோபத்தில் ஆஸ்பத்திரிச் சுவர் பிளந்திருக்க வேண்டும், நேராகப் பட்டறைக்கு ஓட்டினேன், பாவாயி சீட்டிலேயே இருந்தாள், இறங்கி நின்று சீரங்கனின் ஏழு தலைமுறையையும் வரிசையாகக் கூப்பிட்டேன், எங்கியோ கசியுதுடா, கம்ப்ரசர் நிக்காம ஓடுது, எம்பக்கம் சாயுது, நீ மாட்டுனது பையா பலூனா, அவன் சோப்புத் தண்ணீரைக் கலக்கி வண்டிக்கடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பார்த்தான், ஒரு குமிழ் வரவில்லை, எழுந்து சாய்வு பார்க்கும் மட்டப்பலகையை பானெட்டின்மேல் வைத்தான், ஜன்னல் வழியாக மீட்டரைப் பார்த்தான், பாவாயியைப் பார்த்தான், என்னக்கா, சௌக்கியமா என்றான், அவள் சௌக்கியமுங் என்றாள், பிறகு என்னைப் பின்சக்கரத்தோரம் கூட்டிப்போய் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், கசிவெல்லாம் இல்லீங்ணா, இடப்பக்கம் காத்து எச்சா இருக்குது, அதுதான் வண்டி உங்க பக்கம் சாயுது, காத்து ஏற ஏறப் பை கல்லாட்டம் ஆயிரும், தூக்கித்தான் போடும், ஆருதாண்டா ஏத்தறது என்றேன், அவன் கையைத் துணியில் துடைத்தான், துடைத்த கையையே திரும்பத் துடைத்தான், சுச்சு ஆருகிட்டங்ணா இருக்குது.

நான் டீ வாங்க இறங்குகிறேன், அவள் விரலை நீட்டுகிறாள், நான் மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கிறேன், அவள் விரலை நீட்டுகிறாள், சிவப்பு முள் வெள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது, பை கல்லாகிறது, கல்லின்மேல் தேனடை எலும்போடு அவள் உட்கார்ந்து வருகிறாள், என் தட்டில் சோறு குறையாமல் இருக்க, இத்தனைக்கும் நான் அவளிடம் கேட்டது எதுவுமில்லை, ஜிலேபிதான் வாங்கினேன், பட்டறையிலிருந்து வண்டியை எடுத்தேன், தார் ரோடு முடிந்து எங்கள் தோட்டத்துப் பாதை ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தினேன், எட்டி அவள் கையைப் பிடித்தேன், கை இருந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான், அவள் விரல்மேல் என் விரலை வைத்துச் சுவிட்சைக் கீழே அமுக்கினேன், புஸ்ஸென்று ஒரு நீளமான மூச்சு, சிவப்பு முள் இறங்குகிறது, எங்கே நிற்குமென்று நான் நினைத்தேனோ அதையும் தாண்டி இறங்குகிறது, மாமா, முள்ளு, என்றாள், முள்ளு கெடக்குது போ என்றேன், வண்டி அவள் பக்கம் மெதுவாக அமர்ந்தது, அவள் கொஞ்சநேரம் மீட்டரையே பார்த்துவிட்டு, நீங்க ஊரெல்லாம் சொல்லிப்போட்டீங்களே, குண்டாயிட்டேன்னு, இப்ப கேட்டாங்கன்னா என்ன சொல்லுவீங்க என்றாள், அதுதான் அவள் கவலை, மீட்டர் சீனாச் சரக்கு, பொய் சொல்லுது, சீரங்கன் ஏமாத்திப்போட்டான்னு சொல்லுவேன் என்றேன், பாவம், அவன் என்ன பண்ணுவான் என்று சிரித்தாள், சிரித்தால் வலிக்கும், அப்படியும் சிரித்தாள், பிறகு சுவிட்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், இனி நீங்களே பாத்துக்கோங்.

முதல் குழி வந்தது, மெத்தையில் கால் வைத்த மாதிரி இறங்கி ஏறினோம், ரெண்டாவது குழிக்கு அவள் மூச்சை இழுக்கவில்லை, மூன்றாவதற்குத் திரும்பிப் பார்த்தேன், தலை கதவோரம் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, தூங்குகிறாள், நோய் வந்தபிறகு நான் பார்த்திராத தூக்கம், சிவப்பு முள் வட்டத்தின் அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு குழிக்கும் ஒரு துடிப்புத் துடித்தது, வீடு போய்ச் சேர அன்று யுகம் ஆயிற்று, ஆமைகள் எங்களை முந்திக்கொண்டு போயின, அந்த வருட ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள், அதற்கு இந்த வண்டி தேவைப்படவில்லை, படுத்துக்கொண்டுதான் போனாள், ரோட்டில் எல்லோரும் கும்பிட்டார்கள், மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு நான் இந்தப் பாதையில் இன்றும் போகிறேன், இடப்பக்கம் காற்று ஏற்றுவதில்லை, காலிச் சீட்டின் பக்கம் வண்டி அமுங்கியே இருக்கிறது, பின்னால் பைக்கில் வருகிறவன் ஹாரனை அலறவிட்டு முந்துகிறான், யோவ் பெருசு, வண்டி ஒருபக்கமாச் சாயுது பாரு என்று கத்துகிறான், சாயட்டும்டா, மெதுவாக் கத்து என்கிறேன், குழி வருகிறது, பிரேக்கில் காலை வைக்கிறேன், வட்டத்தின் அடியில் சிவப்பு முள் ஒருதரம் துடித்துவிட்டு அசையாமல் கிடக்கிறது, எழுப்பாமல் ஓட்டுகிறேன்.