குழிக்குள் போனது

மழைநீர்த் தொட்டியின் அடியில் வாளி மோதி 'டங்'கென்றது. கயிற்றை ஆட்டி, சாய்த்து, கெஞ்சி இழுத்ததில் அரை வாளி வந்தது, அதிலும் பாதி சேறு. ஆகஸ்ட் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. நவம்பரில் வந்து பாருங்கள், எதிர்வீடு தெரியாமல் இரண்டு வாரம் கொட்டும். கொட்டி என்ன பிரயோசனம்? ஓர் ஓடை உண்டா, ஒரு குளம் உண்டா? அத்தனையும் பாறை இடுக்கில் இறங்கிக் காணாமல் போய்விடும். உலகத்துக்குக் கல் விதைக்கக் கிளம்பிய கடவுளின் சாக்கு எங்கள் மோண்டெனெக்ரோ நாட்டுக்கு மேலே வந்ததும் கிழிந்துவிட்டது என்பார்கள். கிழிந்த இடம் எங்கள் கூரைக்கு நேர் மேலேதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முற்றத்தில் நின்றால் காலடியில் கடல். துப்பினால் அதில் விழும் போலிருக்கும். சாலையில் போனால் முப்பது வளைவு. அந்தக் கடற்கரை ஊரில்தான் என் மகள் ஸோர்கா இருக்கிறாள். அவளுடைய எட்டு மாதப் பிள்ளை நான்கு நாளாக ஆஸ்பத்திரியில். வாந்தி, பேதி, பிஞ்சுக் கையில் குளுக்கோஸ் ஊசி. அங்கே இன்னும் பதினோரு குழந்தைகளுக்கு அதே கதி. மலையடி ஊற்றுகளிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறதாம், எங்கிருந்து என்றுதான் தெரியவில்லையாம்.

"பைப்பத் திறந்தா தண்ணின்னு பீத்திக்கிட்டியே," என்று ஃபோனில் கத்தினேன். "புள்ளையத் தூக்கிட்டு மேல வந்துடு. எங்க தண்ணி கொஞ்சம்தான், ஆனா சுத்தம்."

பயந்தால் எனக்கு வாய் அப்படித்தான் போகும்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் லாரி வந்தது. இரண்டு வாரமாக நகராட்சியில் கெஞ்சிக்கொண்டிருந்தேன், விழுந்தடித்து ஓடினேன். லாரி என் வீட்டைத் தாண்டிப் போய், பின்னாலிருந்த பாறைக் குழியின் ஓரத்தில் நின்றது. நிலவியல் படித்த ஒரு சின்னப் பெண் ஜாடியிலிருந்து ஏதோ பொடியைக் குழிக்குள் கொட்டினாள். பிறகு லாரித் தண்ணீர் முழுவதையும் அதற்குள்ளேயே திறந்துவிட்டாள்.

"அடிப்பாவி! என் தொட்டி காஞ்சு கெடக்கு, நீ பாதாளத்துக்கா வார்க்குற?"

"சாயம் கீழ இறங்கணும்மா. எந்த ஊத்துல பச்சையா வருதுன்னு பாக்கணும்."

"வந்துட்டாலும்! எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதுல போட்டது ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல."

அவள் நிமிர்ந்தாள். "என்ன போடுவீங்க?"

என் வீட்டுக்காரர் விதோயே முந்திக்கொண்டார். "கல்லுதாம்மா. வேறென்ன இருக்கு இங்க?"

மூன்று வாரம் முன்பு எங்கள் கோவேறு கழுதை செத்துப்போனது. இந்த மலையில் சாண் ஆழத்துக்குத்தான் மண், எங்கே புதைப்பது? ஊர் வழக்கப்படி கயிறு கட்டி இழுத்துப் போய்க் குழியில் தள்ளினோம். வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது. "முடிஞ்சுது," என்று விதோயே கையைத் தட்டிக்கொண்டார். அடுத்த வாரம் இடியும் மின்னலுமாக ஒரு மணி நேரம் மழை அடித்தது. தொட்டியில் இரண்டு விரல் தண்ணீர்கூட ஏறவில்லை. அந்த மழையை அன்றைக்கு வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஸோர்கா கூப்பிட்டாள்.

"அம்மா, ஊத்துல தண்ணி பச்சைப்பசேல்னு வருது. உங்க மலையிலேர்ந்துதானாம். எந்தப் பாவியோ செத்த மாட்டையோ எதையோ தூக்கிப் போட்டிருக்கான். அவன் கை அழுகிப் போக!"

கல்லையும் கடவுளையும் நகராட்சியையும் திட்டித் தீர்த்த நான், ஃபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். விதோயே பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறக்காத," என்றார் மெல்ல. "ஊரே போட்டிருக்கு. நாம மட்டுமா?"

அது உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"அம்மா, இருக்கியா? புள்ளைக்கு ராத்திரி மறுபடி காய்ச்சல். செத்தது என்ன, எப்பன்னு தெரிஞ்சா எந்தக் கிருமின்னு தேடலாம்னு டாக்டர் சொல்றாரு."

"அவர்கிட்ட ஃபோனக் குடு."

"எதுக்கு?"

"குடுடி!"

விதோயே உதட்டில் விரலை வைத்து, வேண்டாமென்று தலையாட்டினார். என் முகத்தைப் பார்த்தார். விரல் தானாகக் கீழே இறங்கியது.

"ஹலோ?" என்றது ஆண் குரல். அதற்குப் பின்னால் ஒரு குழந்தை அழுது ஓய்ந்த தொண்டையில் முனகியது. எங்களுடையதா, வேறு யாருடையதா, தெரியவில்லை.

"கோவேறு கழுதை," என்றேன். "எங்களோடதுதான். மூணு வாரமாச்சு."

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். "என்னம்மா சொன்ன?" என்று கேட்டது டாக்டர் அல்ல.