இரண்டாம் பந்தி

கரண்டி நுனியில் இருந்த குழம்பை ஊதி ஆற்றி, சுண்டுவிரலால் தொட்டு, அம்மாவின் கீழுதட்டில் வைத்தாள் மரிய அனிதா. ஞானபூரணி கண்ணைத் திறக்கவில்லை. நாக்கு மட்டும் மெல்ல வெளியே வந்து உதட்டைத் தடவிவிட்டு உள்ளே போனது.

"கல்லு உப்பு இன்னும் அரைக் கை போடச் சொல்லு," என்றாள். "கசகசா கொதிக்கல. பச்ச வாசம் அடிக்குது."

"சரிம்மா."

"புஷ்பத்துக்கிட்ட தீயக் கொறைக்கச் சொல்லு. அவ எப்பவும் அவசரக்காரி."

பத்து நாளாக அவள் வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. தண்ணீரைக்கூடப் பஞ்சில் நனைத்துத்தான் வைத்தார்கள். நோய் கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மதுரையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நேற்று மாலை பங்குச்சாமியார் வந்து, நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதெல்லாம் முடிந்தபிறகும் அவள் நினைப்பு ஒன்றில்தான் நின்றது. இன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் ஒன்பது பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். பூசை முடிந்ததும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாருமாக நாற்பத்திரண்டு பேர் இங்கே சாப்பிட வருகிறார்கள். நோய் இருப்பதே தெரியாத தை மாதத்தில் அவள் வீடு வீடாகப் போய் அழைத்த அழைப்பு அது.

"கோயில் ஹால்ல வச்சுக்கலாமே, பூரணியம்மா," என்று சாமியார் நேற்றுக் கெஞ்சிப் பார்த்தார்.

"ஹால்ல நான் எதுக்கு சாமி? என் வீட்டுக்கு வாங்கன்னுதான கூப்பிட்டேன்," என்றாள் அவள். அத்தோடு பேச்சு முடிந்தது.

கொல்லைப்புறத்தில் விறகு அடுப்பு இரண்டு எரிந்தன. பக்கத்து வீட்டு புஷ்பவள்ளி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆட்டுக்கறிக் குழம்பைக் கிண்டினாள். அப்பா அருளானந்தம் கிணற்றடியில் குந்தியபடி வாழை இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்த கை. இலையைக்கூடக் கிழியாமல், ஓரம் மடங்காமல் வைத்தார்.

அப்பாவின் அக்கா துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். தேவகோட்டையிலிருந்து வந்து மூன்று நாளாகிறது.

"ஒனக்காவது புத்தி வேணாமா அனிதா?" என்றாள். "உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்குற வீட்டுல கறி கொதிக்குது. நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

"அம்மா கூப்பிட்டுட்டாங்க அத்தை."

"கூப்பிட்டா! யாரு யாரக் கூப்பிட்டிருக்கான்னு பாத்தியா? அந்த ஆத்தங்குடிக்காரன் குடும்பத்தோட வருவான். எல்லாருக்கும் ஒரே பாய்."

அருளானந்தம் இலையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. அனிதா உப்பு ஜாடியைத் தேடிப் போனாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்திரண்டு வயதில், தொலைபேசி அலுவலகத்தில் ஞானபூரணி விருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொடுத்தபோது அனிதா ஓசூரிலிருந்து போனில் கத்தினாள். அவளுக்கு அம்மா என்றால் காலை எட்டே முக்காலுக்கு வண்டியை உதைத்துக் கிளம்புகிறவள். இந்தத் தெருவில் முதலில் வேலைக்குப் போன பெண். அந்த அம்மாவைப் பார்த்துத்தான் அவள் பொறியியல் படித்தாள், தொழிற்சாலையில் ஆண்கள் நடுவே நின்று தரம் பார்க்கும் வேலைக்குப் போனாள்.

"இத்தன வருஷம் கழிச்சு அடுப்படிக்குத் திரும்பிப் போறியா?"

"திரும்பியா?" அம்மா சிரித்தாள். "நான் எப்ப அங்க இருந்தேன்? ஒங்க அப்பத்தா ஆக்கிக் குடுத்தாக, டிபன் பாக்ஸத் தூக்கிட்டு ஓடுனேன். இந்த வீடு என் சம்பளத்துல கட்டுனது. பகல்ல இதுக்குள்ள வெயிலு எங்கெங்க விழும்னு எனக்குத் தெரியாதுடி."

முதல் வாரம் அவள் ஒன்றும் செய்யவில்லையாம். அறை அறையாகப் போய் உட்கார்ந்து பார்த்தாளாம். பிறகு ஜன்னல்களுக்குத் திரை தைத்தாள். உளுந்துமாவும் கருப்பட்டியும் போட்டுக் கும்மாயம் கிண்டக் கற்றுக்கொண்டு இரண்டு முறை அடிபிடிக்கவிட்டாள். மூன்றாவது முறை நன்றாக வந்ததும் தெருவெல்லாம் கொடுத்தனுப்பினாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று புதுமுகம் யார் என்று பார்ப்பாள். மாற்றலில் வந்த வங்கிக்காரர், விடுதியில் இருக்கும் கல்லூரிப் பெண்கள், ஊருக்குப் புதிதான நர்ஸ். "வாங்க, சோறு இருக்கு" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடுவாள்.

அப்படி வந்தவன்தான் டோனி. ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் பட்டறையில் வேலை. மனைவியோடும் மகள் ஆன் மேரியோடும் பஸ்ஸில் வந்து, கோயிலின் கடைசியில் நின்று பூசை பார்த்துவிட்டு, யாரோடும் பேசாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறவன். முதல் நாள் மூவரும் வாசற்படியைத் தாண்டவில்லை. "இங்கனயே குடுத்துருங்கம்மா" என்றான். ஞானபூரணி தன் தட்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அவர்களோடு படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அடுத்த ஞாயிறு எல்லோரும் உள்ளே உட்கார்ந்தார்கள்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வீடு நிறைய ஆட்கள் இருப்பது அனிதாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஒருமுறை கேட்டேவிட்டாள். "இவங்களுக்கெல்லாம் ஆக்கிப்போடவா வேலைய விட்ட?"

"ஆமாடி," என்றாள் அம்மா. "ஆசையா இருக்கு."



பத்தரை மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளைக் கவுன்கள், வெள்ளைச் சட்டைகள், கையில் அணைந்த மெழுகுதிரிகள். சொல்லிக்கொடுக்காமலே ஒருவர் பின் ஒருவராகக் கட்டிலருகே வரிசையில் நின்றார்கள். அனிதா அம்மாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். ஒவ்வொரு நெற்றியிலும் பெருவிரல் சிலுவை போட்டது. ஏழாவது பிள்ளையோடு கையில் வலு போய்விட்டது. எட்டாவது பையன் தானே குனிந்து அந்தக் கையில் நெற்றியை வைத்தான். கடைசியாக ஆன் மேரி வந்தாள்.

"பெரியம்மா, நற்கருணை மேலண்ணத்துல ஒட்டிக்கிருச்சு," என்றாள் ரகசியமாக.

ஞானபூரணி கண்ணைத் திறந்தாள். "அப்பிடித்தான் ஒட்டும். எனக்கும் ஒட்டுச்சு. போயி நல்லாச் சாப்பிடு."

முதல் பந்தியில் பிள்ளைகளும் பெண்களும் உட்கார்ந்தார்கள். அறைக் கதவை மூடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் கூடத்துச் சத்தமெல்லாம் கட்டில்வரை வந்தது. அனிதா பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது.

"யாரு சிரிக்கிறது?"

"டோனி சம்சாரம். அப்பா சோத்த எலையில போடுறதுக்குப் பதிலா தண்ணி டம்ளர்ல போட்டுட்டாரு."

அம்மாவின் வாயோரம் அசைந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது.

"கவுனி அரிசி இனிப்பு வச்சாச்சா?"

"இப்பத்தான் வைக்கிறாங்க."

"தேங்காப்பூவ மேல போடச் சொல்லு. சேத்துக் கிண்டிறப் போறாக."

அனிதா எழுந்து வாசற்படிவரை போனாள். புஷ்பவள்ளியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். நாலு எட்டுதான். கட்டிலில் போர்வை அசையாமல் இருந்தது. அது மறுபடி ஏறும் என்று அவள் நின்றபடியே காத்திருந்தாள். கூடத்தில் யாரோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பாதி திறந்திருந்த கண்களை மூடினாள். கழுத்துச் செபமாலையை நேராக்கினாள். கூந்தலில் ஒரு பிரி காதில் விழுந்து கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டாள்.

"ஞானம், ரெண்டாம் பந்திக்குச் சோறு..." என்று கேட்டபடி கையில் அகப்பையோடு வந்த அருளானந்தம் நிலைப்படியில் நின்றுவிட்டார். மகளின் முகத்தைப் பார்த்தார். அகப்பையைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார்.

பின்னாலேயே வந்த அத்தை வாயைத் திறந்தாள். அவர் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, சத்தம் போட்டுறாதீக. பிள்ளைக எந்திரிக்கட்டும்."

"அப்பறம்? வெளிய இருவது ஆம்பளைக நிக்கிறாக. பொணத்த வச்சுக்கிட்டுப் பந்தி போடுவியா? அடுப்ப அணைக்கச் சொல்லுப்பா!"

அருளானந்தம் கட்டிலைப் பார்த்தார். எதையும் அங்கே கேட்டே பழகியவர். பிறகு மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

"மறைக்க வேணாம்பா," என்றாள் அனிதா. அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "சொல்லிருவோம். சொல்லிட்டுப் போடுவோம்."

அவர் கூடத்துக்குப் போய் நடுவில் நின்றார். "ஞானம் இப்பத்தான் போயிட்டா," என்றார்.

பெண்கள் எச்சில் கையோடு எழப்போனார்கள். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது.

"யாரும் எந்திரிக்காதீக. இனிப்பச் சாப்பிட்டுட்டுத்தான் எந்திரிக்கணும்னு சொல்லச் சொன்னா. ரெண்டாம் பந்தியும் நிக்கக்கூடாதுன்னா." எழப்போனவர்களைக் கையமர்த்தினார். "அதத்தான் கடைசியாச் சொன்னா."

அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. வகுப்பில் பிள்ளைகள் தாமதமாக வந்ததைக்கூட மாற்றி எழுதாத மனுஷர், இத்தனை பேர் முன்னால் நின்று பொய் சொல்கிறார் என்று அனிதாவுக்குத் தெரிந்தது. தலையை ஆட்டி அவளும் ஆமாம் என்றாள்.

முதல் பந்தி சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்தது. பெண்கள் கைகழுவிவிட்டு அறைக்குள் போனார்கள். புஷ்பவள்ளி இலைகளை எடுத்துப் பாயைத் துடைத்தாள். ஆண்கள் வாசலிலேயே நின்றார்கள். "சாவு வீட்டுல எப்பிடி சார் கை நனைக்கிறது..." என்று ஒருவர் இழுத்தார்.

கடைசியில் நின்ற டோனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். யாரையும் பார்க்காமல் பாயின் முதல் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"சார், எல போடுங்க," என்றான். "அவுக கூப்பிட்டு நான் சாப்பிடாமப் போனதில்ல."

பூசை முடித்துப் பிள்ளைகளோடு வந்திருந்த பங்குச்சாமியார் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வங்கிக்காரர் உட்கார்ந்தார். இழுத்துப் பேசியவரும் செருப்பைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் பாய் நிறைந்துவிட்டது.

அனிதா சோற்றுக் குண்டானைத் தூக்கினாள். இந்த வீட்டில் அவள் ஒருநாளும் பரிமாறியதில்லை. நாலாவது இலையில், "என்ன இம்புட்டுப் போதுமா, கூச்சப்படாம வாங்குங்க" என்று அவள் வாய் தானாகச் சொன்னது. கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. குழம்பை ஊற்றிக் கொஞ்சம் தின்ற சாமியார், "உப்பு ரொம்பச் சரியா இருக்கும்மா" என்றார். அவள் நிமிர்ந்து நின்று, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

அத்தை அடுப்படி நிலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ரசம் கேட்டார்கள். புஷ்பவள்ளியின் இரண்டு கையிலும் பாத்திரம். அத்தை கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு ரசச் சட்டியைத் தூக்கினாள். முதல் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கையில வாங்கிக் குடிக்கிறீகளா, சோத்துல ஊத்தவா?"

டோனி அண்ணாந்து பார்த்தான். "சோத்துலயே ஊத்துங்கம்மா."

"பெசஞ்சு குழி பண்ணுங்க. ஓடிரும்," என்றாள் அத்தை.

அறைக்குள் பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பிள்ளைகளின் குரலும் சேர்ந்து கேட்டது. அந்த நேரத்தில்தான், வாசலில் நின்றவர்களில் ஒருவர் போன் செய்து சொல்லியிருந்த குளிர்பெட்டி வண்டி வந்தது. ஓட்டிவந்தவர் சேவுகப்பெருமாள், ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறைய விபூதி. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர், பந்தியைக் கண்டு பின்வாங்கினார்.

"வீடு மாறி வந்துட்டேன் போல. பெட்டி கேட்டது..."

"இந்த வீடுதாண்ணே," என்றாள் அனிதா. "மொத உள்ள வந்து சாப்பிடுங்க. பெறகு எறக்கலாம்."

"நானா?" அவர் தன் காக்கிச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "எங்களுக்குப் பச்சத் தண்ணி குடுக்க மாட்டாகம்மா. பெட்டிய எறக்குனதும் தள்ளிப் போயி நிக்கச் சொல்லுவாக."

அருளானந்தம் வந்து அவர் கையைப் பிடித்து அழைத்துப்போனார். கடைசியில் ஒரு இலை விரித்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடி சோறும் குழம்பும் ரசமும் சாப்பிட்டார். கவுனி அரிசியை அனிதா வைத்தாள், தேங்காய்ப்பூ மேலாக இருந்தது. அதை ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றார்.

சாப்பிட்டு முடித்தவர் உடனே எழவில்லை. இலையின்மேல் கையை வைத்துக்கொண்டு, செபச் சத்தம் வந்த அறைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். சாவு வீட்டில் இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று அவருக்குத் தெரியாததல்ல. மேல் பாதியைத் தூக்கி, கல்யாண வீட்டில் மடிப்பதுபோலத் தன் பக்கமாக மடித்தார்.