பரஞ்சோதிக்கு ஏறிய பதினாலு கிலோ

1

இந்தக் கதை வேலி ஓரத்தில் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பாடாங் செராயில் என் பக்கத்து வீட்டு உமாராணி, "அண்ணே, ஈரல் மாத்துற ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசத்துல எங்க வீட்டுக்காரரு பதினாலு கிலோ ஏறிட்டாரு லா" என்றாள். எழுத உள்ளே ஓடினேன்.

'முகம் தெரியாத ஒருவரின் ஈரல் பரஞ்சோதியின் வயிற்றுக்குள் மெல்ல...'

(வேண்டாம். ஈரல் ஒழுங்காகத்தான் இருக்கிறது. சிக்கல் வேறு.)

2

உமாராணியின் கணவர் பரஞ்சோதி, பாடாங் மேஹா தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டியவர். அதற்கு முந்தைய மாதம் லாரியில் ஏறப் பார்த்திருக்கிறார். முட்டி தூக்கவில்லை. அதை என்னிடம் மட்டும் சொன்னார்.

மறுவாரம் என் காரில்தான் மருத்துவமனைக்குப் போனோம். உணவு ஆலோசகர் ஷீலா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார். அரை நிமிடத்தில் ஆறு முறைதான் முடிந்தது. பிறகு கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டும் இயந்திரத்தில் நிறுத்தி அளந்தார்.

"ஏறினது முக்கால்வாசி கொழுப்புண்ணே. தசை இன்னும் வரல."

"அப்ப நான் ஆக்கிப் போட்டதெல்லாம்?" என்றாள் உமாராணி.

"அதனாலதான்கா எழுந்து நடக்கிறாரு. இப்ப சாப்பாட்ட மாத்தணும், அவ்ளோதான்."

(இங்கே உமாராணியை அழ வைத்திருந்தேன். படித்துக் காட்டியபோது முறைத்தாள். "நான் எங்கண்ணே அழுதேன்? எழுதிக்க பேனாதான கேட்டேன்?" உண்மைதான்.)

3

சோறு பாதியானது. மூன்று வேளையும் மீன், டெம்பே என்னும் புளித்த சோயாக் கட்டி, முட்டை. காப்பிக் கடையின் அரைவேக்காட்டு முட்டைக்கு அவர் ஏங்கினார். கிருமி தொற்றும் என்று நன்றாக வேகவைத்ததுதான் கிடைத்தது. காலையும் மாலையும் நாற்காலிப் பயிற்சி. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நானும் எண்ணினேன். எழுதுவதை விட்டுவிட்டு எண்ணினேன்.

மூன்று மாதம் கழித்து எடை ஒரு கிலோகூட மாறவில்லை. உமாராணி முகம் வாடியது. ஷீலா தாளைத் திருப்பிக் காட்டினார்: கொழுப்பு இறங்கியிருந்தது, அதே அளவு தசை ஏறியிருந்தது. அரை நிமிடத்தில் பதின்மூன்று முறை.

"பாத்தீங்களாண்ணே," என்று உமாராணி என் தோளில் ஓங்கி அடித்தாள். இதைத் தட்டச்சு செய்யும்போதும் வலிக்கிறது.

4

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் உமாராணி தூக்கிவிட லாரியில் ஏறுகிறார், மற்றதில் பாதியில் இறங்கி வந்துவிடுகிறார். இன்று காலை இரண்டும் வீணாயின.

தோட்டத்து மேற்பார்வையாளர் மணியம் காலி லாரியின் கதவைத் திறந்து வைத்தார். "டாக்டரே சரின்னுட்டாரு. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கண்ணே."

உமாராணி தாங்கிப் பிடிக்கக் கைகளை நீட்டினாள். "கைய எடு உமா," என்றார். ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தார். நான் கத்தியிருக்கலாம், நினைவில்லை. அதற்குள் அவள் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிவிட்டாள்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"அத நீங்கதான் எழுதணும்," என்று சிரித்தார் பரஞ்சோதி.

லாரி தோட்டத்து முகப்பில் நின்றது. வலது பக்கம் பழைய வேலைக்குப் போகும் செம்பனை ஆலை, இடது பக்கம் ஊர் சுற்ற பாலிங் போகும் சாலை. லாரியின் சிக்னல் விளக்கு மினுங்கியது. எந்தப் பக்கம் என்று புழுதியில் எனக்குத் தெரியவில்லை. வாசகரே, நீங்கள் என்னைவிடக் கிட்டத்தில் நிற்கிறீர்கள். பார்த்துச் சொல்லுங்கள்.